டிரெய்லர் பிரேக் பிடிக்கவில்லை: ஒரு வயரிங் கோளாறின் முழு ஆய்வு

ஹூஸ்டனிலிருந்து மேற்கே போகும் இன்டர்ஸ்டேட் 10 கான்கிரீட் சாலை. பலகைக்குப் பலகை ஒரு மூட்டு உண்டு. டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும்போது அந்த மூட்டு ஒவ்வொன்றும் டக், டக் என்று முதுகில் தெரியும். போன ஏப்ரலில் குடும்பத்தோடு ஃப்ரியோ ஆற்றங்கரையில் இருக்கும் கார்னர் ஸ்டேட் பார்க்குக்குக் கிளம்பினோம். கேட்டி தாண்டிய கொஞ்ச நேரத்தில், ஒரு மூட்டில் வண்டி குலுங்கியதும், டாஷ்போர்டில் டிரெய்லர் இணைப்பு இல்லை என்று ஒரு வரி வந்தது. இரண்டு வினாடியில் தானாகவே போய்விட்டது. பத்து மைல் கழித்து வேறொரு வரி: டிரெய்லர் பிரேக் வயரிங்கில் கோளாறு. அதுவும் வந்தது, போனது.

சீலி அருகே இறங்கி ஒரு சிக்னலில் நிற்கப் பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் தள்ளுவதுபோல டிரெய்லர் பிக்கப்பை முன்னால் நெட்டியது. நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி அரை வண்டி நீளம் போய்த்தான் நின்றேன். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். அங்கேயே முடிவு செய்து, வேகத்தை 45 மைலுக்குக் கீழே வைத்து, பக்கவாட்டுச் சாலைகள் வழியாகவே வீடு திரும்பினோம்.

அதற்கப்புறம் மூன்று வாரம் இந்தக் கோளாறின் பின்னால் போனேன். எங்கே தவறாகத் தேடினேன், எது கண்ணைத் திறந்தது என்பதை அளவுகளோடு எழுதுகிறேன். இந்த நாட்டில் டிரெய்லர் இழுக்கும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர். படகு, கேம்பர், குதிரை வண்டி, வாடகை டிரெய்லர் எதுவானாலும் உள்ளே இருக்கும் மின்சார பிரேக் ஏறக்குறைய ஒன்றுதான்.

வண்டியும் பிரேக்கும்

பிக்கப் 2016 மாடல், அரை டன் வகை. பிரேக் கன்ட்ரோலர் தொழிற்சாலையிலேயே டாஷ்போர்டில் பொருத்தி வந்தது. டிரெய்லர் 2011-இல் செய்த 24 அடி கேம்பர் (உள்ளேயே தங்கிக்கொள்ளும் வகை), பழையதாக வாங்கினேன். இரட்டை ஆக்சில், ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு தாங்கும். நான்கு சக்கரத்திலும் 10 அங்குல டிரம் பிரேக். சாமான் ஏற்றி எடை போட்டபோது 5,800 பவுண்டு, அதாவது 2,600 கிலோவுக்குச் சற்று மேல். டெக்சஸ் சட்டப்படி மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினாலே டிரெய்லருக்குச் சொந்த பிரேக் வேண்டும். பல மாநிலங்களில் அந்த வரம்பு 3,000 பவுண்டுதான்.

நம் ஊரில் லாரிக்குக் காற்று பிரேக், காருக்கு ஆயில் பிரேக் என்று பழகியவர்களுக்கு இந்த மின்சார பிரேக் கொஞ்சம் புதிது. டிரம்முக்குள் ஒரு நெம்புகோல். அதன் நுனியில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மின்காந்தம். கரண்ட் வந்ததும் காந்தம் சுற்றுகிற டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. டிரம் அதை இழுத்துக்கொண்டு போக, நெம்புகோல் திரும்பி, பிரேக் ஷூ இரண்டையும் விரித்து டிரம்மில் அழுத்துகிறது. பிடிக்கிற பலம் முழுக்க அந்தக் காந்தத்துக்குள் எத்தனை ஆம்பியர் போகிறது என்பதைப் பொறுத்தது. 10, 12 அங்குல பிரேக்கில் ஒரு காந்தச் சுருளின் மின்தடை ஏறக்குறைய 3.2 ஓம். நான்கும் இணையாக இருப்பதால் மொத்தம் 0.8 ஓம். வயரில் போகும் இழப்பையும் சேர்த்தால், முழு பிரேக்கில் நல்ல டிரெய்லர் 12 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்க வேண்டும். இந்த ஒரு எண்ணை முதல் நாளே நான் தெரிந்து வைத்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

கன்ட்ரோலரின் வேலை, பிரேக் மிதியின் அழுத்தத்துக்கு ஏற்ப நீல வயர் வழியாகப் பின்னால் கரண்ட் அனுப்புவது. கரண்டை வேகமாகத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும். பாதி பிரேக் என்றால் மீட்டரில் சராசரியாக 6 வோல்ட் மாதிரி தெரியும். கூடவே அந்த வயரின் முனையில் எதிர்பார்த்த சுமை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்கும். சுமை காணாமல் போனால் டிரெய்லர் இல்லை என்று சொல்லும். வயர் எங்கேயாவது இரும்பைத் தொட்டு ஷார்ட் ஆனால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடனே கரண்டை நிறுத்திவிட்டு வயரிங் கோளாறு என்று சொல்லும். என் டாஷ்போர்டில் இரண்டு செய்தியும் வந்தன. ஒரே கோளாறுதான் இரண்டு விதமாகப் பேசுகிறது என்று நான் எடுத்துக்கொண்டது முதல் தவறு.

முதல் இரண்டு வாரம்

அறிகுறிகளை வரிசைப்படுத்தினால் இவ்வளவுதான்: பின்விளக்கு, இன்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாம் ஒழுங்காக எரிந்தன. டிரெய்லர் பிரேக்குக்கு எவ்வளவு பலம் கொடுக்க வேண்டும் என்று கன்ட்ரோலரில் வைக்கும் அளவுக்குக் கெயின் என்று பெயர். அதை 10 வரைக்கும் ஏற்றி வைத்தாலும் டிரெய்லர் தள்ளியது. மேடு பள்ளத்தில் மட்டும் செய்தி வந்தது. வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாஷ்போர்டு சொன்னது.

ஒரு பட்டறையில் விட்டேன். பிக்கப்பின் பின் பம்பரில் இருக்கும் ஏழு முனை சாக்கெட்டை மாற்றிக் கொடுத்தார்கள். பழைய சாக்கெட்டில் களிம்பு ஏறியிருந்தது உண்மைதான். செம்புப் பாத்திரத்தில் பிடிப்பதுபோலப் பச்சையாக. மாற்றியதால் கெடுதல் இல்லை, ஆனால் கோளாறு அப்படியே இருந்தது. இரண்டாவது முறை போனபோது கன்ட்ரோலரே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் நானே மல்டிமீட்டரோடு இறங்கினேன். டிரெய்லரின் பிளக்கைத் திறந்ததும் நிறங்களில் சிக்கினேன். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். ஏழு முனை பிளக்கில் நடுவில் வட்டமாக இருப்பது ரிவர்ஸ் விளக்குக்கு. சுற்றி ஆறு தகடுகள்: எர்த், பிரேக், பேட்டரி சார்ஜுக்கான 12 வோல்ட், பின்விளக்கு, இடது, வலது. கேம்பர்களில் வழக்கமான நிற முறைப்படி வெள்ளை எர்த், நீலம் பிரேக், கறுப்பு 12 வோல்ட், பச்சை பின்விளக்கு, சிவப்பு இடது, பழுப்பு வலது. ஆனால் சின்ன டிரெய்லர்களின் நான்கு முனை பிளக்கில் பழுப்புதான் பின்விளக்கு, பச்சைதான் வலது, மஞ்சள் இடது. பச்சையும் பழுப்பும் அப்படியே இடம் மாறி நிற்கின்றன! முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு காலத்தில் சின்ன டிரெய்லரின் கேபிள் துண்டு ஒன்றை நடுவில் சேர்த்திருக்கிறார். அதனால் முன்பாதியில் ஒரு நிற முறை, பின்பாதியில் இன்னொன்று. நல்ல வேளையாக நீலம் நீலத்தோடும் வெள்ளை வெள்ளையோடும்தான் சேர்ந்திருந்தன. நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது, ஒவ்வொரு முனையும் எங்கே போய்ச் சேர்கிறது என்று மீட்டரால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்று அன்றைக்கு எழுதி கராஜ் சுவரில் ஒட்டினேன்.

அந்த மீட்டரை வைத்துக்கொண்டே அடுத்த தவறையும் செய்தேன். பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் பிரேக் வயரின் இணைப்பைக் கழற்றி, நீல முனைக்கும் வெள்ளை முனைக்கும் நடுவே அளந்தேன். 12.6 வோல்ட். முன் ஆக்சிலிலும் அதே. முழு வோல்டேஜ் வந்து சேர்கிறதே, அப்படியானால் வயரிங் நன்றாக இருக்கிறது, காந்தங்கள்தான் போய்விட்டன என்று நினைத்து, நான்கு புதிய காந்தங்களுக்கு ஆர்டர் போடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

ஒரு கேள்வி

என் நண்பர் ஒருவர் கோவைக்காரர். அப்பாவின் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வளர்ந்தவர். இப்போது எங்கள் ஊரிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிறார். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"தம்பி, வோல்ட்டு வருதுங்க, சரி. கரண்ட்டு போகுதான்னு பாத்தீங்களா?"

"கனெக்ஷனைக் கழட்டிட்டுத்தான் அளந்தேன் அண்ணா."

"அப்பப் பாக்கலைன்னு அர்த்தமுங்க. ஊர்ல பம்புசெட்டுக்கு லைன்ல மீட்டர் வெச்சா இருநூத்தி இருபது காட்டும். மோட்டாரைப் போட்டீங்கன்னா உறுமிட்டு நிக்கும். ஏன்? எங்கயோ ஒரு ஜாயிண்ட்டு தீஞ்சு கெடக்கும். குழாயை மூடி வெச்சா பிரஷர் முழுசாத்தான் இருக்கும். தெறந்துவுட்டாத்தானே அடைப்பு எங்கன்னு தெரியும்? நான் சனிக்கிழமை வர்றனுங்க."

துருப் பிடித்த இணைப்பு வழியாகக்கூட மல்டிமீட்டருக்குத் தேவையான கடுகளவு கரண்ட் போய்விடும். அதனால் அது முழு வோல்டேஜையும் காட்டும். அதே இணைப்பு வழியாகப் பதிமூன்று ஆம்பியர் போக வேண்டும் என்றால்தான் அதன் உண்மை நிலை வெளியே வரும். டெஸ்ட் லாம்ப்பை இன்றைக்கும் எலக்ட்ரீஷியன்கள் கைவிடாததற்குக் காரணம் இதுதான். அது கரண்டை இழுத்துப் பார்க்கிறது.

சனிக்கிழமை காலை: பிக்கப்

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்தோம். டிரெய்லரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிக்கப்பின் சாக்கெட்டில் பிரேக் தகட்டுக்கும் எர்த் தகட்டுக்கும் நடுவே ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை இணைத்தோம். இரண்டு தகடும் அடுத்தடுத்து இருப்பவை. வயர் நழுவி ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வண்டிகளின் கன்ட்ரோலர் பல்பை டிரெய்லராக ஏற்காது. என்னுடையது ஏற்றது. நான் உள்ளே உட்கார்ந்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க வைக்கும் கன்ட்ரோலரின் கை லீவரை மெல்ல அழுத்த, பல்பு மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறி, முழு அழுத்தத்தில் கண் கூசும் அளவுக்கு எரிந்தது. சாக்கெட்டைப் பிடித்து ஆட்டினோம், வயர் கட்டை முழுக்கக் குலுக்கினோம். வெளிச்சம் அசையவில்லை.

பத்து நிமிட வேலை. கன்ட்ரோலர், ஃபியூஸ், பிக்கப்பின் வயர், புது சாக்கெட் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன என்று தெரிந்துபோனது. கன்ட்ரோலரை மாற்றச் சம்மதித்திருந்தால் அந்தப் பணம் வீண்.

டிரெய்லர்: 5.9 ஆம்பியர்

டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். பிரேக் கழற்றும் சோதனையில் டிரெய்லர் உருண்டால் ஆள் போய்விடுவான். அதில் சமரசமே கிடையாது.

டிரெய்லரின் முன் நாக்கில், அதாவது பிக்கப்போடு மாட்டும் முன்நீட்டத்தில், ஒரு சின்னப் பெட்டி. அதில் செருகிய ஊசியிலிருந்து ஒரு மெல்லிய கம்பிக் கயிறு பிக்கப்புக்குப் போகும். ஓடும்போது கொக்கி கழன்று டிரெய்லர் தனியே போனால், கயிறு இழுபட்டு ஊசி வெளியே வரும். உடனே டிரெய்லரின் சொந்த பேட்டரி நேராக நான்கு காந்தங்களுக்கும் கரண்ட் கொடுத்து நிறுத்தும். வர்த்தக வண்டிகளுக்கான அமெரிக்க ஒன்றிய விதி, இப்படிப் பிடித்த பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்தபடி இருக்க வேண்டும் என்கிறது. எங்களுக்கு அந்த ஊசியே சோதனைக்கான ஸ்விட்ச் ஆனது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: பிக்கப்பிலிருந்து பிளக்கைக் கழற்றிய பிறகுதான் ஊசியை இழுக்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரி கரண்ட் நீல வயர் வழியாகத் திரும்பிப் போய்க் கன்ட்ரோலரைக் கெடுக்கலாம்.

வயரை வெட்டாமல் மேலே கவ்வியபடியே நேர்மின்சாரத்தை (டிசி) அளக்கும் கிளாம்ப் மீட்டரை நீல வயரில் மாட்டிவிட்டு ஊசியை இழுத்தேன். நான்கு சக்கரத்திலும் டக் என்று சத்தம் கேட்டது. மீட்டரில் 5.9 ஆம்பியர்.

பதிமூன்று வர வேண்டிய இடத்தில் ஆறுகூட இல்லை. அப்படியென்றால் இரண்டு காந்தம் செத்துவிட்டதா? ஊசியைத் திரும்பச் செருகிவிட்டு, ஒவ்வொரு காந்தத்தையும் தனியே கழற்றி அளந்தோம். 3.3, 3.2, 3.4, 3.2 ஓம். நான்கும் உயிரோடு இருந்தன. (மீட்டர் வயர்களின் சொந்தத் தடை 0.2 ஓமை முதலில் கழித்துக்கொண்டோம். இவ்வளவு சின்ன அளவுகளில் அதை விட்டால் கணக்கு கெட்டுவிடும்.)

"காந்தம் நல்லாருக்குதுங்க. அப்ப வழியில யாரோ திங்கறாங்க," என்றார் அண்ணன்.

எல்லாவற்றையும் திரும்ப இணைத்து, ஊசியை மறுபடி இழுத்து, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்டேஜை இடம் இடமாக அளந்தோம். அரை நிமிடத்துக்கு மேல் விடாமல், விட்டு விட்டு. நிற்கும் வண்டியில் காந்தத்தை அதிக நேரம் கரண்டில் வைத்தால் சூடாகிவிடும். பேட்டரியில் 12.4. காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே 4.7 தான். நீல வயரின் நீளம் முழுக்கத் தொலைந்தது 0.6. மிச்சம் 7.1 வோல்ட் எங்கே? மீட்டரின் ஒரு முள்ளை பிரேக்கின் வெள்ளை வயரிலும் இன்னொன்றை டிரெய்லரின் இரும்புச் சட்டத்திலும் வைத்தேன். 7.1. இரண்டும் எர்த். நடுவில் எதுவுமே தெரியக்கூடாத இடம் அது.

வெள்ளை வயர் முன் ஆக்சிலுக்கு மேலே, சட்டத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூவில் முடிந்திருந்தது. நான்கு காந்தங்களின் எர்த்தும் அந்த ஒரு ஸ்க்ரூ வழியாகத்தான். தலை முழுக்க துரு, கீழே பெயின்ட்டுக்கு மேலேயே வாஷர். விரலை வைத்ததும் சுரீர் என்று சுட்டது. 7.1 வோல்ட், 5.9 ஆம்பியர்: கிட்டத்தட்ட 42 வாட். ஒரு சாலிடரிங் அயர்னுக்குப் போகும் மின்சாரம் அந்த ஸ்க்ரூவில் வெப்பமாகிக்கொண்டிருந்தது. காந்தம் ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது ஒன்றரை ஆம்பியர். கெயினை 10-இல் வைத்தும் டிரெய்லர் தள்ளியதன் காரணம் இதுதான். ஸ்க்ரூவை விரலால் நெருடியபோது மீட்டரில் கரண்ட் சுத்தமாகப் பூஜ்யத்துக்கும் போய் வந்தது. மூட்டில் குலுங்கும்போது இணைப்பு இல்லை என்ற செய்திக்கும் இதே ஸ்க்ரூதான் காரணம்.

விளக்குகள் ஏன் நன்றாக எரிந்தன என்ற கேள்விக்கும் அப்போது விடை கிடைத்தது. விளக்குகளின் எர்த் வேறு வயர், வேறு இடத்தில் போல்ட் போட்டு முறுக்கியது. டிரெய்லர் விளக்கு எரிகிறதே என்று நிம்மதியாக வண்டி எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விளக்கு எரிவது விளக்கைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது, பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

சட்டத்தை நம்பி எர்த் விடும் பழக்கத்தையே மாற்றிவிட்டோம். முன் நாக்கில் உள்ள இணைப்புப் பெட்டியிலிருந்து ஆக்சில் வரை 10 கேஜ் வெள்ளை வயர் ஒன்றைத் தனியே இழுத்தோம். வயரின் தடிமன் இங்கே முக்கியம்; கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும். 10 கேஜ் செம்பு வயருக்கு ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 1 ஓம், 16 கேஜுக்கு 4 ஓம். 25 அடியில் 13 ஆம்பியர் போனால் முதலாவதில் 0.3 வோல்ட் இழப்பு, இரண்டாவதில் 1.3, அதுவும் ஒரு வழிக்கு மட்டும். விளக்கு வயரை பிரேக்குக்குப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

மறுபடி ஊசியை இழுத்தேன். 13.2 ஆம்பியர்.

இரண்டாவது செய்தி

அன்றைக்கே முடிந்தது என்று நினைத்து, சாயங்காலம் பக்கத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்த விதமே வேறு. கெயினை 10-இலிருந்து 6-க்கு இறக்க வேண்டியிருந்தது. இணைப்பு இல்லை என்ற செய்தி வரவே இல்லை. ஆனால் ரயில் பாதையைக் கடந்தபோது வயரிங் கோளாறு என்ற மற்ற செய்தி பளிச் என்று வந்தது. அந்த ஒரு வினாடி டிரெய்லருக்கு பிரேக்கே இல்லை.

அப்போதுதான் இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்று உறைத்தது. ஒன்று கரண்டுக்கு வழி அடைபட்டது. மற்றது கரண்ட் தப்பிப் போவது. முதலாவது சரியானதால்தான் இரண்டாவது தனியாகத் தெரிந்தது.

குலுங்கினால் மட்டும் வரும் ஷார்ட்டை நிறுத்தி வைத்த வண்டியில் பிடிப்பது சிரமம். அண்ணன் சொன்ன முறை எளிமையானது. நான்கு காந்தங்களையும் நீல வயரிலிருந்து கழற்றிவிட்டோம். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ், அதே ஹெட்லைட் பல்பு, அங்கிருந்து நீல வயர். காந்தம் எதுவும் இல்லாததால் கரண்டுக்கு வழியே கிடையாது, பல்பு எரியக்கூடாது. எரிந்தால் எங்கேயோ நீலம் இரும்பைத் தொடுகிறது. தொட்டாலும் பல்பு கரண்டை ஐந்து ஆம்பியருக்குள் அடக்கிவிடும், வயர் கருகாது.

இருட்டத் தொடங்கியிருந்தது. பல்பைத் தரையில் வைத்துவிட்டு, நான் டிரெய்லருக்கு அடியில் படுத்து ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டினேன். இணைப்புப் பெட்டி: இருட்டு. சட்டம்: இருட்டு. முன் ஆக்சில் குழாய்: இருட்டு. பின் ஆக்சில் குழாயின் நடுவில் ஒரு தட்டு. டிரெய்லரின் அடிப்பகுதி முழுக்க மின்னல் வெட்டியதுபோல வெளிச்சமாகி அணைந்தது. "அங்கதானுங்க!" என்று வெளியிலிருந்து சத்தம் வந்தது.

இந்த வகை டிரெய்லர்களில் இடது சக்கரத்துக்கு வரும் பிரேக் வயர், வலது சக்கரத்துக்குப் போக ஆக்சில் குழாயின் உள்ளேயே நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். தொழிற்சாலையில் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் உள்ளே அது எதிலும் கட்டப்படாமல் தளர்வாகக் கிடக்கிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் குழாயின் சொரசொரப்பான உட்சுவரில் உரசுகிறது. வருடக்கணக்கில் உரசி உறை தேய்கிறது. மின்சார பிரேக் டிரெய்லர்களில் இது மிகவும் பழக்கமான நோய்.

இரு முனையையும் வெட்டி வயரை வெளியே இழுத்தோம். துரு பொடிப்பொடியாகக் கூடவே வந்தது. இடது துளையிலிருந்து ஓர் அடி உள்ளே இருந்த பகுதியை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று அங்குல நீளத்துக்கு நீல உறை ஒரு பக்கமாகச் சீவி எடுத்ததுபோல இருந்தது. ஓரத்தில் செம்பு கறுத்துப் பச்சை ஏறியிருந்தது. நடுவில் மட்டும், நகக்கண் அளவுக்கு, புதுக்காசுபோலப் பளபளத்தது. இன்றைக்கும் உரசிக்கொண்டிருந்த இடம் அது. துளையின் வாயில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் எப்போதோ போய்விட்டிருந்தது.

முன் ஆக்சிலில் இன்னும் ஷார்ட் வரவில்லை என்றாலும் அதையும் இழுத்துப் பார்த்தோம். உறை பாதி தேய்ந்திருந்தது. இரண்டு ஆக்சிலுக்கும் 12 கேஜ் இரட்டை வயரைக் குழாய்க்கு வெளியே, பின்பக்கமாகக் கொண்டுபோனோம். முன்பக்கம் என்றால் சாலையில் கிடக்கும் கம்பி, மரக்கிளை எல்லாம் அடிக்கும். வயருக்கு மேல் நெளிவு பிளாஸ்டிக் உறை, ரப்பர் வைத்த கிளாம்ப். ஆக்சிலில் துளை எதுவும் போடவில்லை. சக்கரத்துக்குப் போகும் இடத்தில் ஸ்பிரிங் ஏறி இறங்கத் தேவையான அளவு தளர்வு விட்டோம். இணைப்புகளில் முன்பு இருந்தவை வீட்டு வயரிங்குக்கான பிளாஸ்டிக் தொப்பிகள்; சாலைத் தண்ணீரில் அவை நிற்காது. அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, நசுக்கி இறுக்கும் இணைப்பு போட்டு, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயைச் சூடாக்கி மூடினோம். வயரை அறுக்காமல் மேலேயே கவ்விப் பிடிக்கும் நீலக் கிளிப்புகளை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் உள்ளே களிம்பு ஏறிவிடும்.

காந்தத்தின் இரண்டு வயர்களில் எது பிளஸ், எது எர்த் என்று பலர் குழம்புகிறார்கள். அதில் வித்தியாசம் கிடையாது; எப்படி இணைத்தாலும் காந்தம் ஒட்டும்.

சரிபார்த்தது

மறுநாள் ஞாயிறு. ஆள் இல்லாத ஒரு பள்ளிக்கூட பார்க்கிங்கில் கெயினைப் புதிதாக வைத்தேன். 25 மைல் வேகத்தில் போய், கால் பிரேக்கைத் தொடாமல், கை லீவரை முழுக்க அழுத்த வேண்டும். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு தேயும் அளவுக்குக் கெயினை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்க வேண்டும். எனக்கு 6.5 சரியாக வந்தது. அப்புறம் பிளக்கைக் கழற்றி, ஊசியை இழுத்துவிட்டு, பிக்கப்பால் மெல்ல இழுத்துப் பார்த்தேன். நான்கு சக்கரமும் உருளவில்லை. தார்த்தரையில் இழுபட்டுக் கோடு போட்டது. கோளாறு இருந்த காலத்தில் கொக்கி கழன்றிருந்தால் அந்த ஒன்றரை ஆம்பியர் காந்தங்கள் 2,600 கிலோவை எங்கே நிறுத்தியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஜூன் முதல் வாரம் மறுபடி கார்னர் பார்க்குக்குக் கிளம்பினோம். கேட்டி, சீலி, சான் ஆன்டோனியோ. மூட்டுகள் அதே டக், டக். திரையில் டிரெய்லர் இணைந்திருக்கிறது என்ற ஒரே வரிதான் கடைசி வரை நின்றது. யுவால்டியில் பெட்ரோல் போட நின்றபோது இறங்கி, தூரத்திலிருந்து வெப்பம் அளக்கும் துப்பாக்கியை நான்கு டிரம்மிலும் காட்டினேன். எந்தச் சக்கரம் வேலை செய்கிறது என்று அறிய இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. முன் இடது 152 டிகிரி ஃபாரன்ஹீட், முன் வலது 149, பின் இடது 155, பின் வலது 121.

பின் வலதில் கரண்ட் குறையவில்லை; அதைக் கிளம்புவதற்கு முன்பே 3.3 ஆம்பியர் என்று அளந்திருந்தேன். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் இருக்க வேண்டும். இந்த டிரெய்லரின் பிரேக் தானாக இடைவெளியைச் சரிசெய்துகொள்கிற வகை அல்ல, மூவாயிரம் மைலுக்கு ஒரு முறை கையால்தான் செய்ய வேண்டும். ஃப்ரியோ ஆற்றங்கரையில் குழந்தைகள் தண்ணீரில் இறங்கிய பிறகு, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பின்தட்டின் அடித்துளை வழியாக, இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக ஏற்றினேன். சக்கரம் கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுகியதும், லேசாக உரசிக்கொண்டு சுற்றும் வரை திரும்ப இறக்கினேன். திரும்பி வரும் வழியில் அதே யுவால்டியில் பின் வலது 147 காட்டியது.